சென்னை வெயிலில் ரோஜா அடுக்கு சக்குலென்ட் தோட்டம்: எதை நடுவது, எப்படிக் காப்பது?

ஒரு வாசகரின் கேள்வி இது: மேடவாக்கத்தில் தனி வீடு. முன்பக்கம் தெற்குப் பார்த்து பதினைந்துக்குப் பத்து அடி இடம், நாள் முழுக்க வெயில். ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கிய சக்குலென்ட்கள் (சதைப்பற்றான இலையில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் செடிகள்) வெயில் தாங்கும் என்று கேள்விப்பட்டு எச்செவேரியாவும் செம்பர்வைவமும் ஆன்லைனில் வாங்கி நட்டிருக்கிறார். கோடையில் சுருங்கின, மழைக்காலத்தில் அழுகிவிட்டன. இந்த வகைச் செடிகளை வைத்து இங்கே கல் தோட்டம் போட முடியுமா என்று கேட்கிறார்.

முடியும், நன்றாகவே முடியும். உங்கள் இடத்தில் எந்தக் குறையும் இல்லை. செடித் தேர்வில்தான் இடறியிருக்கிறது. சென்னையில் எல்லாரும் வெயிலை மட்டும் மனதில் வைத்து சக்குலென்ட் வாங்குகிறோம். இங்கே அவற்றைக் கொல்வது பெரும்பாலும் மே மாத ராத்திரியும், ஐப்பசி கார்த்திகை மழையும்தான். இந்த இரண்டையும் தாங்குகிற செடி எது என்று பார்த்து வாங்கினால், வெயிலைச் சமாளிப்பது பெரிய விஷயமே இல்லை.

முதலில் மழை. சென்னையை வறண்ட ஊர் என்று நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் இங்கே வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. எப்போதும் தூறிக்கொண்டே இருப்பதாக நாம் நினைக்கும் லண்டனில் பெய்வது இதில் பாதிகூட இல்லை. நம் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதாவது உங்கள் தோட்டம் எட்டு ஒன்பது மாதம் காய்ந்த தோட்டம், மீதி மாதங்களில் சதுப்பு நிலம். மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண்ணில் இது இன்னும் மோசம்.

அடுத்து ராத்திரி. இதை யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கும். பெரும்பாலான சக்குலென்ட்கள் பகலில் மூடிக்கொண்டு, ராத்திரியில் திறக்கும். இழுத்த வாயுவை மாலிக் அமிலமாக இலைக்குள் சேர்த்து வைத்து, மறுநாள் வெயிலில் அதைச் சர்க்கரையாக்கும். பகலில் துளை திறக்காததால் தண்ணீர் மிச்சம். இந்த விஷயத்துக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் அரசில் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், 1813-ல் ஒரு கடிதம் எழுதினார். ரணகள்ளி இலையை விடியற்காலையில் மென்றால் புளிக்கிறது, மதியத்தில் சுவையே இல்லை, சாயங்காலம் கசக்கிறது என்று அதில் குறித்திருந்தார். ராத்திரி சேர்ந்த அமிலம் பகலில் கரைவதைத்தான் அவர் நாக்கால் கண்டுபிடித்தார். அவர் 1819-ல் வேப்பேரியில் காலமானார். கட்டிப்போட்டால் குட்டி போடும் என்று சொல்லி நம் வீடுகளில் கயிற்றில் தொங்கவிடுவார்களே, அதுதான் ரணகள்ளி. எச்செவேரியாவும் செம்பர்வைவமும் அதே குடும்பம்.

இந்த ராத்திரி வேலை ஒழுங்காக நடக்கக் காற்று குளிர வேண்டும். மெக்சிகோ மலைநாட்டில் எச்செவேரியா வளரும் இடங்களில் பகல் சுட்டாலும் ராத்திரி நன்றாகக் குளிரும். சென்னையில் மே, ஜூன் மாதங்களில் ராத்திரியிலும் பெரும்பாலும் 28 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. துளைகள் சரியாகத் திறக்காது. உள்ளே இருக்கிற சேமிப்பையும் செடி மூச்சு விட்டே செலவழித்துவிடும். பகலெல்லாம் வெயிலில் நின்று ராத்திரியும் தேறாத செடி, வேர் பலவீனமாகி, ஐப்பசியில் முதல் அடைமழைக்கே அழுகும். உங்கள் செடிகளுக்கு நடந்தது இதுதான். நீங்கள் தண்ணீர் ஊற்றியதால் மட்டும் வந்ததில்லை.

செம்பர்வைவத்தைப் பற்றி ஒரே வார்த்தை: விட்டுவிடுங்கள். ஆல்ப்ஸ் போன்ற ஐரோப்பிய மலைகளின் பாறை இடுக்குகளில், பனிக்கு அடியில் குளிர்காலத்தைக் கழிக்கும் செடி அது. இணையத்தில் 'எந்தச் சூழலிலும் வாழும்' என்று எழுதியிருப்பது பனியைத் தாங்கும் என்ற பொருளில். நம் ஊரில் ஜனவரியிலேயே ராத்திரி 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. அதற்கு வேண்டிய குளிர்கால உறக்கத்தை நாம் எங்கிருந்து கொடுப்பது?

சரி, எதை நடலாம்? நான் பின்பற்றும் வழி, செடியின் பூர்வீகத்தைப் பார்ப்பது. கடலோரச் சமவெளியில், புழுக்கத்தில் பிறந்த செடிக்குச் சென்னை சொந்த ஊர் மாதிரி. மலையில் பிறந்தது இங்கே திணறும்.

அந்தக் கணக்கில் முதல் இடம் கற்றாழைக் கூட்டத்துக்கு. அகேவ் வகைகளில், வெள்ளை விளிம்போடு வாள் வாளாக நாலாபக்கமும் விரியும் அங்குஸ்டிஃபோலியாவை நகரமெங்கும் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. மெக்சிகோ, மத்திய அமெரிக்காவின் தாழ்நிலங்களைச் சேர்ந்தது. எரிக்கும் வெயிலும் புழுக்கமும் அதற்குப் பழக்கம். மூன்று நான்கு அடி அகலம் வரும். அதைவிடக் கொஞ்சம் மென்மையாக, இலை வளைந்து பூச்சாடி வடிவில் நிற்பது டெஸ்மெட்டியானா, மஞ்சள் கரை போட்டது. ஓட்டல் வாசல்களில் வரிசையாக நட்டிருப்பார்கள். உங்கள் இடத்துக்கு நடுநாயகமாக நான் வைக்கச் சொல்வது இதைத்தான். குழந்தைகள் ஓடியாடும் வாசல் என்றால் முள்ளே இல்லாத அட்டெனுவாட்டா இருக்கிறது. ஆனால் அதற்கு மதியம் ஒரு மணிக்கு மேல் கொஞ்சம் நிழல் வேண்டும், இல்லாவிட்டால் இலை வெளுத்துப் பொசுங்கும். ஆனைக்கற்றாழை எதையும் தாங்கும், ஆனால் ஆறு அடி அகலம் விரிந்து முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும். உங்கள் அளவுக்கு வேண்டாம்.

சோற்றுக்கற்றாழையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதன் பூர்வீகம் அரேபியத் தீபகற்பம். கடை வாசலில் திருஷ்டிக்காக வேர் மேலே, இலை கீழே என்று தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கற்றாழையைக் கிட்டே போய்ப் பாருங்கள். மண் கிடையாது, யாரும் தண்ணீர் காட்டுவதும் கிடையாது. அடி இலைகள் ஒவ்வொன்றாக ஒடுங்கிச் சருகாகும். அந்த ஈரத்தை வைத்து நடுக்குருத்து வெளிச்சத்தைத் தேடி மேல்நோக்கி வளையும். மாதக்கணக்கில் இப்படியே உயிரோடு இருக்கும், சில சமயம் பூத்தண்டுகூட நீளும். ஒரு சக்குலென்ட் தன் தண்ணீரை எந்த வரிசையில் செலவழிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. தோட்டத்தில் ஏழெட்டாகச் சேர்த்து நட்டால் மஞ்சள் பூக்கதிர் விடும், தேன்சிட்டு தேடி வரும். முழு வெயிலில் கோடையில் இலை செம்பழுப்பாக மாறும். பயப்பட வேண்டாம், மழை வந்ததும் பச்சை திரும்பிவிடும்.

நம் மண்ணுக்கே உரிய ஒன்றும் இருக்கிறது: மருள். சோழமண்டலக் கடற்கரையின் வறண்ட புதர்க்காடுகளில் தானாக வளரும் சான்செவேரியா இது. இலைநாரை முற்காலத்தில் வில்லுக்கு நாணாகத் திரித்திருக்கிறார்கள். நர்சரிக்காரர்கள் வெளிநாட்டுப் பாம்புக்கற்றாழையைத்தான் முன்னால் வைப்பார்கள், கேட்டால்தான் மருளைத் தேடிக் கொடுப்பார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். குட்டையாக, கிண்ணம் போல அடுக்கும் ஹானி வகைச் சான்செவேரியா, சுவரோரத்து அரைநிழலுக்கு நல்லது.

ரோஜாப்பூ வடிவமேதான் வேண்டும் என்ற ஆசை புரிகிறது. அதற்குக் கிராப்டோபெட்டலம் பராகுவயென்ஸ் நடுங்கள். பெயரில் பராகுவே இருந்தாலும் மெக்சிகோச் செடி. சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த நிறத்தில், அச்சு அசல் எச்செவேரியா போலவே இருக்கும், புழுக்கத்தை அதைவிட நன்றாகத் தாங்கும். இதைத் தரையில் நடாமல், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் மண்தொட்டியில் வைப்பது உத்தமம். வரிக்குதிரைக் கோடு போட்ட ஹாவொர்த்தியாவும் கேஸ்டீரியாவும் தென்னாப்பிரிக்காவில் புதர் நிழலில் வளர்பவை. உங்கள் முன்வாசல் வெயிலில் வைத்தால் சிவந்து ஒடுங்கிவிடும், பால்கனிக்குத்தான் பொருத்தம்.

இனி மண். களிமண்ணில் குழி தோண்டி நல்ல கலவையை நிரப்பி நட்டால், அந்தக் குழி மழையில் கிணறாகிவிடும். சுற்றிலும் உள்ள களிமண் தண்ணீரை உள்ளே விட்டு வெளியே விடாது. அதனால் தோண்டாதீர்கள், மேடு கட்டுங்கள். இருக்கிற தரையைக் கடப்பாரையால் ஒரு சாண் ஆழம் கிளறிவிட்டு, அதன்மேல் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு, வீட்டுச் சுவரிலிருந்து தெருப்பக்கமாகச் சரிய வேண்டும். மேட்டின் அடிப்பாதிக்கு உடைத்த செங்கல் துண்டு போதும். பக்கத்தில் ஏதாவது வீடு இடிக்கிறார்கள் என்றால் வண்டிக் கூலிக்கே கிடைக்கும். ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு, சிமெண்டால் கற்றாழைகளுக்குக் கெடுதல் இல்லை, ஆணியும் கண்ணாடியும் மட்டும் பொறுக்கிவிடுங்கள்.

மேல் முக்கால் அடிக்கான கலவை இது: கால் இஞ்ச் கருங்கல் சிப்ஸும் செங்கல் பொடித்துண்டும் சேர்த்து இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, எம்-சாண்ட் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு கைப்பிடி அளவில். எம்-சாண்டை அப்படியே போடக் கூடாது. அதிலிருக்கும் மாவுத்தூள் மழையில் இறுகிச் சிமெண்ட் தரை போல் ஆகும். சல்லடையில் சலித்து, கரகரப்பாக நிற்பதை மட்டும் எடுங்கள். கடற்கரை மணல் உப்பு, தொடவே வேண்டாம். கலவை சரியா என்று பார்க்க ஒரு குவளை தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்றுங்கள். தேங்காமல் உடனே உள்ளே இறங்க வேண்டும். தேங்கினால் இன்னும் சிப்ஸ் சேருங்கள்.

தொட்டிக்கும் இதே கலவைதான். தொட்டியின் அடியில் ஜல்லி அடுக்கி மேலே மண் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பெரியவர்கள் முதல் யூடியூப் வரை எல்லாரும் சொல்வார்கள். நடப்பது வேறு. நுண்ணிய மண்ணில் இருக்கும் தண்ணீர், மண் முழுக்க ஊறி நிறையும் வரை கீழே இருக்கும் பெரிய இடைவெளிக்குள் இறங்காது. வேருக்கு நேர் கீழே ஈரம் நின்றுவிடும். ஜல்லியை மண்ணோடு கலப்பதுதான் பயன். ஓட்டையை மூட ஒரு ஓட்டுத்துண்டு போதும்.

நடும் காலம் தை, மாசி. 'கார்த்திகைக்குப் பின் மழை இல்லை, கர்ணனுக்குப் பின் கொடை இல்லை' என்று பழமொழி சொன்னாலும், இப்போதெல்லாம் டிசம்பரில் புயல் வருகிறது. பொங்கல் கழியட்டும். அப்போது நட்டால் கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன் மூன்று மாதம் வேர் பிடிக்க நேரம் கிடைக்கும். நர்சரியிலிருந்து வரும் சின்னச் செடிகள் பெரும்பாலும் வெறும் தேங்காய் நார்க்கழிவில் இருக்கும். அதை அப்படியே மண்ணில் இறக்கினால் நடுவில் ஒரு ஈரப்பஞ்சு புதைந்த மாதிரி ஆகும். நாரை முழுக்க உதறி, வேரைக் கழுவி, நிழலில் மூன்று நான்கு நாள் காயவிட்டு நடுங்கள். அடி இலை மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். சிப்ஸைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு முட்டுக் கொடுங்கள். செடியை லேசாகச் சாய்த்து நட்டால் நடுக்குருத்தில் மழைத்தண்ணீர் தங்காது. ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர்.

நிழல்வலைக்குள் வளர்ந்த செடி நேராகத் தெற்கு வெயிலுக்கு வந்தால், எந்த வகையானாலும் வெந்துபோகும். அந்த வெள்ளைத் தழும்பு அந்த இலை உதிரும் வரை மறையாது. முதல் இரண்டு மூன்று வாரம் பச்சை வலையோ பழைய வேட்டியோ மதிய நேரத்துக்கு மேலே கட்டுங்கள். அப்புறம் எடுத்துவிடலாம். அகேவ் இலைகள் கோடையில் உள்நோக்கிக் குவிந்தால் அது தன்னைக் காத்துக்கொள்கிறது என்று அர்த்தம், தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம்.

தரையில் வேர்பிடித்த கற்றாழைக்குக் கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போதும். தொட்டிக்கு வாரம் ஒரு தடவை. விடியற்காலையில் ஊற்றுங்கள். மதியமோ, சுட்டுக்கிடக்கும் சாயங்காலமோ ஊற்றினால் தொட்டிக்குள் வெந்நீரில் வேர் அவியும். மொட்டை மாடியில் வைத்தால் தொட்டியை நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். உப்பு அடர்ந்த தண்ணீர் அது, வேண்டாம். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில், மண்மேல் வெள்ளை படிந்தால் அடுத்த மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஒரு தடவை தாராளமாக ஊற்றிக் கழுவிவிடலாம்.

மழைக்காலத்துக்கு வேலை புரட்டாசியிலேயே தொடங்குகிறது. உரம் நிறுத்துங்கள், காய்ந்த அடி இலைகளைக் கழற்றுங்கள், மேட்டின் சரிவு அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். கிராப்டோபெட்டலம் தொட்டிகளைச் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்துங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கமெல்லாம் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது நினைவிருக்கும். அந்தப் பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மேட்டில் இருந்த அங்குஸ்டிஃபோலியா ஒரு கீறல்கூட இல்லாமல் தப்பியது. அதே வீட்டில் தரைமட்டத்தில் நட்டிருந்தவை அடியிலிருந்து கூழாகிவிட்டன. ஒன்றரை அடி ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

அழுகலை முன்கூட்டியே கண்டுபிடிக்க இலையைத் தொட்டுப் பாருங்கள். அடி இலை காகிதம் போல் காய்ந்தால் இயல்பு. மஞ்சளாகி, கண்ணாடி போல் உள்ளே தெரிந்து, தொட்டதும் நழுவி வந்தால் அழுகல். உடனே செடியைப் பிடுங்கி, தண்டைக் கூர்மையான கத்தியால் கீழிருந்து துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே வாருங்கள். வெட்டுமுகத்தில் பழுப்பு வளையம் மறையும் வரை நிறுத்தக் கூடாது. சுத்தமான வெளிர்பச்சை வந்ததும் நிறுத்தி, மேல்பகுதியைக் காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் போட்டுவிடுங்கள். வெட்டுவாய் தோல் கட்டியதும் காய்ந்த சிப்ஸ் மேல் வைத்தால் புது வேர் விடும். மழைக்காலத்தில் வெட்டியதை அதே மழைக்காலத்தில் தரையில் நடாதீர்கள்.

பூச்சி என்றால் மாவுப்பூச்சிதான். இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். கற்றாழைகளுக்கு வேப்பெண்ணெய் அடிக்கலாம், கிராப்டோபெட்டலத்துக்கு வேண்டாம். அதன் இலைமேல் இருக்கும் சாம்பல் மெழுகு கரைந்துபோகும், அந்த மெழுகுதான் அதற்கு வெயில் காப்பு. மழை ராத்திரிகளில் டார்ச்சோடு வந்து பெரிய ஆப்பிரிக்க நத்தைகளைக் கையுறை போட்டுப் பொறுக்குங்கள். ஒரே ராத்திரியில் குருத்தைத் தின்றுவிடும்.

அகேவ் வெட்டும்போது முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். சாறு பட்டால் தோல் எரிந்து தடிக்கும். நடைபாதையை ஒட்டிய செடிகளில் இலை நுனி முள்ளை மட்டும் நகவெட்டியால் எடுத்துவிடலாம், இலைக்குப் பாதகமில்லை.

கடைசியாக ஒன்று, தெரியாமல் பலர் பயந்துபோகிறார்கள். அகேவ் தன் வாழ்நாளில் ஒரே தடவைதான் பூக்கும். டெஸ்மெட்டியானா பத்து வருடத்துக்குள்ளேயே பூத்துவிடலாம். நடுவிலிருந்து தண்டு ஆள் உயரத்தைத் தாண்டி எழும், பூத்து முடிந்ததும் தாய்ச்செடி மெல்லக் காயும். தண்டை வெட்டினாலும் காப்பாற்ற முடியாது, விட்டுவிடுங்கள். பூ உதிர்ந்த இடங்களில் தண்டு முழுக்கச் சின்னச் சின்னக் குட்டிச்செடிகள் முளைக்கும். விரல் நீளம் வந்ததும் லேசாகத் திருகினால் கையோடு வரும். மூன்று நாள் காயவிட்டு, சின்னத் தொட்டிகளில் அதே கலவையில் நட்டு, காலை வெயில் படும் இடத்தில் ஒரு வருடம் வளருங்கள். தாய்ச்செடி இருந்த இடத்துக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம். கொடுக்கும்போது மேடு கட்டி நடச் சொல்லிக் கொடுங்கள்.